குளக்கரைக்குச் செல்லும் உரிமை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 29ஆவது பிரிவை எடுத்துப் பேசுவோர் அரிது. கல்வி, வேலைவாய்ப்பு, இடஒதுக்கீடு, தடையற்ற சூழல் பற்றிய பிரிவுகள் போராட்ட மேடைகளிலும் நீதிமன்றங்களிலும் ஒலிக்கின்றன. 29ஆவது பிரிவு பண்பாட்டு வாழ்வையும் பொழுதுபோக்கையும் பற்றியது. மற்றவர்களுக்குச் சமமாக மாற்றுத்திறனாளிகளும் பொழுதுபோக்குகளில் பங்கேற்கும் உரிமையைப் பாதுகாக்க அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அது. சாரணர் இயக்கம், நடனம், ஓவிய வகுப்பு ஆகியவற்றோடு திறந்தவெளி முகாம்களையும் சாகசச் செயல்பாடுகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சமூகப் பாதுகாப்பைப் பேசும் 24ஆவது பிரிவில், அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்றொரு தப்பிக்கும் வழி வைக்கப்பட்டிருக்கிறது. 29இல் அந்த வாசகமும் இல்லை.

சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19 அன்று. அந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் இன்று பள்ளிப் பருவத்தில் இருக்கிறார்கள். அவர்களில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் எத்தனை பேர் அரசுச் செலவில் ஒரு நாளேனும் ஆற்றங்கரைக்கோ குளக்கரைக்கோ அழைத்துச் செல்லப்பட்டார்கள் என்ற கேள்வி நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் எழுப்பப்பட வேண்டும்.

மீன்பிடிப்பையே எடுத்துக்கொள்ளலாம். ஓடவும் தாவவும் இயலாத குழந்தை சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தூண்டில் போட முடியும். தூண்டிற்காரனுக்கு மிதப்பிலே கண் என்பது பழமொழி. பார்வையற்ற சிறுமிக்கு மிதப்பைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. மீன் கடிப்பது நரம்பின் வழியே விரலுக்குத் தெரிந்துவிடும். காது கேளாத குழந்தைக்கும் அங்கே குறையில்லை, கரையில் எல்லோரும் வாய்மூடித்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்! கைவலு குறைந்த குழந்தைக்கு, கோலைத் தாங்கும் பிடிமானம் ஒன்றை நாற்காலியில் பொருத்தினால் போதும். வேகமும் வலிமையும் கேட்கும் விளையாட்டுகளில் ஓரத்தில் நிறுத்தப்படும் குழந்தைகள் மற்றவர்களுக்குச் சமமாக அமரக்கூடிய இடம் குளக்கரை.

மேலை நாடுகளில் இது புதிதன்று. அமெரிக்காவில் தூண்டில் கோல், சுருள் உள்ளிட்ட மீன்பிடிக் கருவிகள் மீது கலால் வரி விதித்து, அந்தத் தொகையை மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் சட்டம் 1950இல் இயற்றப்பட்டது. தம் பங்கில் 15 சதவீதம் வரை நீர்வாழ் உயிரினங்கள் பற்றிய கல்விக்குச் செலவிட மாநிலங்களுக்கு அனுமதி உண்டு. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான மீன்பிடி நாட்கள் அங்கே பொது நீர்த்தேக்கங்களில் நடக்கின்றன. மருத்துவத்தைக்கூடச் சந்தையிடம் விட்டுவிட்ட நாடு அது. அங்கேயே இதற்குப் பொதுப்பணம் கூடாது என்று முடிவாகிவிடவில்லை.

இந்தியாவிலும் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்குப் பொதுப்பணம் உண்டு. யாருக்கு என்பதே கேள்வி. 2020இல் 20,050 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கப்பட்ட பிரதமர் மீன்வளத் திட்டத்தில் பொழுதுபோக்கு மீன்பிடிப்பை ஊக்குவிக்கும் இனம் ஒன்று இருக்கிறது. ஓர் அலகின் செலவு 50 லட்சம் ரூபாய் எனக் கணக்கிட்டு, அதில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் தரப்படுகிறது. எஞ்சிய தொகையைப் போட வசதியுள்ளவர் முதலீட்டாளர். கட்டணம் செலுத்துபவர் சுற்றுலாப் பயணி. இந்த ஏற்பாட்டில் குழந்தை எங்குமே இல்லை. மானியம் பெறும் இடங்களில் சாய்தளமும் கைப்பிடிக் கம்பியும் இருக்க வேண்டும், மாதத்தில் ஒரு நாள் குழந்தைகளுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும் என்று நிபந்தனை விதிக்க ஒன்றிய அரசுக்கு ஒரு காசும் கூடுதலாகச் செலவாகாது.

இதில் வரலாற்றின் தொடர்ச்சியும் இருக்கிறது. தூண்டில் விளையாட்டை இந்தியாவில் ஒரு கலையாக வளர்த்தவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் அதற்கென்று ஒரு நூலே எழுதினார். காஷ்மீர் ஓடைகளுக்கு டிரவுட் மீன் கொண்டுவரப்பட்டதும் அவர்களுடைய ஓய்வு நாட்களுக்காகத்தான். அதே காலத்தில் குளத்தையும் ஆற்றையும் நம்பி வாழ்ந்த மீனவருக்கு மீன்பிடிப்பு வயிற்றுப்பாடு. தாழ்த்தப்பட்ட மக்களுக்கோ பொதுக்குளத்தின் கரையை அடைவதே போராட்டமாக இருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானோரும் இறங்கி நீர் அருந்தியபோது, அந்தக் குளம் நகராட்சித் தீர்மானத்தின்படி ஏற்கெனவே எல்லோருக்கும் உரியதாக அறிவிக்கப்பட்டிருந்தது. தீர்மானத்தில் இருந்த உரிமையைக் கரைக்குக் கொண்டுவர மக்கள் நடந்துபோக வேண்டியிருந்தது.

நிதிநிலை அறிக்கை சொல்லும் கணக்கு சுருக்கமானது. 2024-25இல் ஒன்றிய அரசின் மொத்தச் செலவு மதிப்பீடு ஏறத்தாழ 48.2 லட்சம் கோடி ரூபாய். மாற்றுத்திறனாளிகள் துறைக்கு ஒதுக்கப்பட்டது 1,225 கோடி. நூறு ரூபாயில் மூன்று பைசாகூட இல்லை. 2011 கணக்கெடுப்பு சொல்லும் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 457 ரூபாய். உதவிக் கருவிகள், கல்வி உதவித்தொகை, தேசிய நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்களுக்கான மானியம் என்று விரியும் தலைப்புகளில் குழந்தைகளின் திறந்தவெளி முகாமுக்கு ஒரு தலைப்பு இல்லை. சமக்ர சிக்ஷா திட்டம் மாற்றுத்திறன் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்று வைத்திருக்கிறது. கருவி, பயணப்படி, துணைக்கு வருபவருக்கான படி எல்லாம் அதற்குள்தான். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இந்தியா 29 பதக்கங்கள் பெற்றபோது ஆட்சியாளர்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பதக்கம் வெல்லப்போகும் குழந்தைக்கும் வெல்லாத குழந்தைக்கும் விளையாடும் உரிமை ஒன்றே என்பது அந்தப் படங்களில் தெரியவில்லை.

இயக்கத்துக்குள்ளேயே எழக்கூடிய ஆட்சேபம் ஒன்று உண்டு. கடும் ஊனமுற்றோருக்கு ஒன்றிய அரசு தரும் ஓய்வூதியம் 2012 முதல் மாதம் 300 ரூபாயிலேயே நிற்கிறது. அதுவும் 18 வயது நிரம்பியோருக்கு மட்டும். சக்கர நாற்காலிக்கும் பிரெய்ல் கருவிக்கும் 2017 ஜூலையில் 5 சதவீத ஜிஎஸ்டி விதித்த அரசு இது. இந்த நிலையில் குளக்கரைக்குச் சுற்றுலா கேட்பது ஆடம்பரம் ஆகாதா? ஆட்சேபம் நேர்மையானதுதான்; ஆனால் தொழிலாளி வர்க்கம் தன் வரலாற்றில் இப்படி வரிசை போட்டுக் கேட்டதில்லை. எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர உறக்கம், எட்டு மணி நேரம் தன் விருப்பம் என்று கேட்டவர்கள் அப்போது வயிறார உண்டவர்கள் அல்லர். கிரீமியாவின் ஆர்தெக் முகாம் 1925இல் கூடாரங்களில் தொடங்கப்பட்டபோது உள்நாட்டுப் போரின் அழிவிலிருந்து சோவியத் நாடு முழுதாக மீண்டிருக்கவில்லை. அந்த முகாமின் முதல் நோக்கமே காசநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் நலம்தான். 1936இல் பிரான்சின் மக்கள் முன்னணி அரசு கூலி உயர்வோடு இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பையும் சட்டமாக்கியது. தொழிலாளர் குடும்பங்கள் கடலைப் பார்க்க ரயில் கட்டணத்தில் 40 சதவீதச் சலுகை தந்தது. பாரீசின் புறநகரான இவ்ரியின் கம்யூனிஸ்ட் நகராட்சி, ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளை அட்லாண்டிக் கரையில் இருந்த தன் சொந்தக் கோடை முகாமுக்கு அனுப்பியது. ரொட்டிக்கான போராட்டம் முடியட்டும், கடற்கரை பிறகு என்று அந்தத் தோழர்கள் காத்திருக்கவில்லை.

அரசு விலகி நிற்கும் இடத்தில் கருணை வந்து உட்காருகிறது. டிசம்பர் 3 நெருங்கினால் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பேருந்து, ஒரு தொப்பி, ஒரு பனியன், முன்வரிசையில் பதாகை. குழந்தைக்கு அந்த நாள் மகிழ்ச்சிதான். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் மரக்கன்று நடப் போய்விட்டால் குழந்தை யாரிடமும் முறையிட முடியாது. 2015 டிசம்பரில் பிரதமர் 'திவ்யாங்' என்ற சொல்லைக் கொண்டுவந்தபோது மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் எதிர்த்ததன் காரணமும் இதுவே. தெய்வீகம் என்று பெயர் சூட்டப்பட்டவருக்குக் காணிக்கை கிடைக்கும். உரிமைக்கு வேண்டியது ஒதுக்கீடு.

பொதுப்பணம் எதைச் சாதிக்கும், எங்கே தடுமாறும் என்பதற்குச் சென்னை மெரினா கண்முன் நிற்கும் சான்று. ஆண்டுக்கு ஒரு முறை டிசம்பரில் தற்காலிகமாகப் போடப்பட்டுவந்த பாதைக்குப் பதிலாக, மாநகராட்சி 1.14 கோடி ரூபாயில் கட்டிய நிரந்தர மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது, பிறகு சீரமைக்கப்பட்டது. கட்டுவதற்கு ஒரு முறை பணம் ஒதுக்கினால் போதாது, பராமரிப்புக்கு ஆண்டுதோறும் வேண்டும். முகாமும் அப்படித்தான். ஒரு நாள் விழாவாக நடந்தால் ஒரு நாளோடு முடியும்.

இந்தப் பொறுப்பு எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு அரசியல் சட்டத்தின் பதினொன்றாவது அட்டவணையே விடை தருகிறது. ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களில் ஐந்தாவது மீன்வளம். இருபத்தாறாவது மாற்றுத்திறனாளிகள் நலம் உள்ளிட்ட சமூக நலம். குளமும் குழந்தையும் ஒரே மன்றத்தின் பொறுப்பில்தான் இருக்கிறார்கள். பள்ளி வழியாக மட்டும் நடத்தினால் பலர் விடுபட்டுப்போவர். ஐந்து வயது மாற்றுத்திறன் குழந்தைகளில் நான்கில் மூவர் எந்தக் கல்வி நிலையத்திலும் இல்லை என்று யுனெஸ்கோவின் 2019 அறிக்கை கூறியது. அந்தக் குழந்தைகள் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களோடு பெரும்பாலும் தாயும் வீட்டிலேயே அடைபட்டிருக்கிறார். வீட்டு வாசலுக்கு வண்டி அனுப்பக்கூடியது ஊராட்சிதான்.

கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் வழிவந்த ஏற்பாட்டில், உள்ளாட்சிகள் திட்ட நிதியில் 5 சதவீதத்தைக் குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்காகச் செலவிட வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பட்ஸ் பள்ளிகளைக் குடும்பஸ்ரீயின் துணையோடு நடத்துவதும் உள்ளாட்சிகளே. காசர்கோட்டில் பொதுத்துறைத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள் மீது வானிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பான் ஒரு தலைமுறைக் குழந்தைகளை முடக்கியது. வாலிபர் சங்கத்தின் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த நஞ்சுக்குத் தடை விதித்தது. 2017இல் பாதிக்கப்பட்டோருக்கு 5 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. அங்கும் பட்ஸ் பள்ளிகள் உள்ளன. இழப்பீடு ஒரு முறை வரும், பள்ளி நாள்தோறும் திறந்திருக்கும். அந்தப் பள்ளியின் நாட்குறிப்பில் குளக்கரைக்கும் ஒரு நாளைச் சேர்ப்பது பெரிய காரியம் அன்று.

செலவும் மலைக்க வைப்பதன்று. சாய்தளமுள்ள வண்டி, மிதவை அங்கி, நிழற்பந்தல், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை, சைகை மொழி அறிந்த ஒருவர், முதலுதவி அறிந்த ஒருவர். தூண்டிலும் மண்புழுவும் இந்தப் பட்டியலில் மிக மலிவானவை. கற்றுத்தரும் வேலையை உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரிய ஊதியத்துடன் அளித்தால் அவர்களுக்கும் வருவாய். மாற்றுத்திறன் குழந்தைகளைத் தனியே ஒரு நாளும், பட்டியல் சாதி, பழங்குடி விடுதி மாணவர்களைத் தனியே ஒரு நாளும், செங்கல் சூளைத் தொழிலாளர் பிள்ளைகளைத் தனியே ஒரு நாளும் அழைத்துச் செல்வது நிர்வாகத்துக்கு எளிது. அந்த எளிமையை ஏற்கக் கூடாது. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கரையில் அமரும்போதுதான் சட்டம் சொல்லும் 'மற்றவர்களுக்குச் சமமாக' என்ற சொல் பொருள்படும்.

நடைமுறையில் முதல் தடை குத்தகைதாரரிடமிருந்தே வரும். பல ஊர்களில் குளத்தின் மீன்பாசிக் குத்தகை ஏலம் விடப்படுகிறது. ஏலம் எடுத்தவர் தூண்டிலோடு வரும் குழந்தைகளைக் கரையிலிருந்து விரட்டுவார். எனவே கோரிக்கையை அங்கிருந்தே தொடங்கலாம். ஏல அறிவிப்பு வெளிவருமுன் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, மாதத்தில் ஒரு நாள் குளம் ஊர்க் குழந்தைகளுக்கு என்ற வரியைக் குத்தகை நிபந்தனைகளில் சேர்க்கச் செய்யலாம். கரையில் ஒரு பக்கத்தைச் சமன்படுத்தி, சாய்தளமும் தடுப்புக் கம்பியும் அமைக்கும் செலவை அதே ஆண்டின் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் எழுதச் செய்யலாம். ஊராட்சி உறுப்பினர்களாக உள்ள தோழர்களும், மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் கிளைகளும், மாதர், வாலிபர் அமைப்புகளும் சேர்ந்து வீட்டுக்குள் இருக்கும் குழந்தைகளின் பட்டியலை முதலில் தயாரிக்க வேண்டியிருக்கும். எந்த வீட்டில் எந்தக் குழந்தை, என்ன வண்டி தேவை, துணைக்கு யார் வருவார் என்ற விவரங்களோடு சபைக்குச் செல்லும் மனுவை 29ஆவது பிரிவைக் குறிப்பிட்டே எழுதலாம்.