சிஸ்லாக் செய்தியும் கட்டளைச் சேகரிப்பும்

பெரிய நிறுவனங்களிலும் கலாசாலைகளிலும் ரௌட்டர், ஸ்விட்ச் முதலிய கருவிகள் பல நூறு நின்று பணிபுரிகின்றன. ஒவ்வொன்றும் தான் ஒழுகவேண்டிய முறையெல்லாம் எழுதப்பெற்ற ஒரு கட்டளைத் தொகுதியைத் தன்னகத்தே கொண்டுள்ளது. இதனைக் கான்பிகரேஷன் என்பர். கருவி பழுதுற்றால் வேறொன்றை விலைக்கு வாங்கிவிடலாம். கட்டளைத் தொகுதி தொலைந்தால் அதனை விற்கும் கடை யாண்டும் இல்லை. ஆதலின் அதன் படியைப் பிறிதோரிடத்தே சேமித்து வைத்தல் இன்றியமையாததாயிற்று. வலைப்பின்னலை நிருவகிக்கும் மென்பொருள்கள் இதனை இருவகையாற் செய்கின்றன. குறித்த காலந்தோறும் ஒவ்வொரு கருவியினுள்ளும் புகுந்து படியெடுத்தல் ஒன்று. 'என்பால் மாறுதல் நிகழ்ந்தது' என்று கருவியே சிஸ்லாக் என்னும் செய்தியை விடுக்க, அதனைக் கேட்டவுடன் சென்று படியெடுத்தல் மற்றொன்று. பின்னதே விரைவும் புதுமையும் உடையதெனப் பலரால் விரும்பப்படுகின்றது. அது பொய்க்குமிடங்கள் யாவை, அதனை எவ்வளவு நம்பலாம் என்பன பற்றி என் கருத்தை ஈண்டு உரைக்கப் புகுகின்றேன். தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன வேலை என்று நகைப்பார் நகைக்க.

சிஸ்லாக் என்பது 1980-களில் பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பார் தமது சென்ட்மெயில் என்னும் அஞ்சல் நிரலின் பொருட்டுத் தோற்றுவித்தது. பிற நிரலாரும் கருவி செய்வோரும் அதனை எடுத்து ஆண்டனர். 2001-இல் வெளிவந்த ஆர்.எப்.சி. 3164 என்னும் ஏடு, அதுகாறும் வழங்கி வந்ததை வரைந்து காட்டியதேயன்றிப் புதிதாக விதித்ததன்று. நெறிப்பட்ட விதி 2009-இல் வந்த ஆர்.எப்.சி. 5424-இலேதான் கிடைத்தது. இலக்கியம் முன்னும் இலக்கணம் பின்னுமாக வந்த வரலாறு என்னலாம். இதனால் விளைந்த தீங்கு யாதெனின், ஒவ்வொரு கருவியும் தன் தன் வட்டார வழக்கிலேயே பேசுகின்றது. சிஸ்கோ நிறுவனத்தாரின் ஐ.ஓ.எஸ். கருவி, ஒருவர் கட்டளை மாற்றும் நிலையினின்று வெளியேறுங்கால் 'எஸ்.ஒய்.எஸ்.–5–கான்பிக் ஐ' என்று கூறும். அதே நிறுவனத்தாரின் நெக்ஸஸ் கருவி 'வி.எஸ்.ஹெச்.டி.–5' எனத் தொடங்கி வேறு பெயர் கூறும். ஜூனிப்பர் கருவியோ 'யூ.ஐ. கமிட்' என்னும். ஒரு வழக்கை மட்டும் கற்ற மென்பொருள் ஏனையவற்றைக் கேட்டும் கேளாதது போலிருக்கும்.

நிற்க. படியெடுத்தல் நிகழவில்லை என்றவுடன் பலர் செய்வது சர்வரை நிறுத்தி மீளத் தொடங்குதலே. இதனை யான் சற்றும் ஒப்பேன். அதனாற் பிணி நீங்கினும் பிணியின் பெயர் தெரிவதில்லை. முதற்கண் செய்யவேண்டுவது, அக்கருவியின் படியை மென்பொருளைக் கொண்டு கையால் ஏவி எடுத்துப் பார்த்தலாம். அதுவும் தவறுமாயின் குற்றம் சிஸ்லாக்கின்பால் இல்லை. கடவுச்சொல் மாறியிருக்கும், அல்லது எஸ்.எஸ்.ஹெச். வழி அடைபட்டிருக்கும். செய்தி கொணர்ந்தவனைக் கதவு திறவாமைக்காக வைதல் நியாயமன்று.

கையால் எடுக்க இயன்றும் தானாக நிகழவில்லையெனின், செய்தி பிறந்த இடத்தினின்று அதன் வழியே செல்லவேண்டும். ஈண்டு மிகவும் ஏமாற்றுவது கடுமைப் படி. சிஸ்லாக் செய்திகள் 0 முதல் 7 வரை எட்டுப் படியின. எண் சிறுக ஆபத்துப் பெருகும். கட்டளை மாறியது என்னும் செய்தி 5-ஆம் படியினது. சிஸ்கோ கருவிகள் இயல்பாக 6 வரையுள்ளவற்றை அனுப்பும். சர்வரில் குப்பை சேர்கின்றதே என்று சலித்த ஒருவர் 'லாக்கிங் டிராப்' என்னும் கட்டளையால் அதனை 4-ஆகக் குறைத்துவிடுவர். அன்று முதல் எச்சரிக்கைகளெல்லாம் தவறாது வந்து சேரும். திரையில் செய்திகள் ஓடிக்கொண்டேயிருக்கும். சிஸ்லாக் நன்கு நடைபெறுகின்றது என்று காண்பார் அனைவரும் சாட்சி கூறுவர். வேண்டிய அவ்வொரு செய்தி மட்டும் வாராது. முற்றும் ஊமையானவனைக் கண்டுகொள்வது எளிது. ஒரு சொல்லை மட்டும் விழுங்குவோனைக் கண்டுகொள்வது அரிது.

இதனைத் தெளிய ஒரு கணக்குண்டு. செய்தியின் தலையில் ஓர் எண் நிற்கும். அது துறை எண்ணை எட்டாற் பெருக்கிப் படியைக் கூட்டியது. சிஸ்கோ கருவிகள் இயல்பாக ஆளும் துறை 23 ஆதலின், 184-உடன் 5 கூட்ட 189 ஆகும். டி.சி.பி.டம்ப் போன்ற கருவியால் சர்வரின் வாயிலில் நோக்கியிருந்து, ஒரு சிறு மாறுதலைச் செய்வித்து, 189 என்னும் தலையெண் வருகின்றதா என்று காண்க. வாராதாயின் கருவியையும் இடைவழிப் பயர்வாலையும் ஆராய்க. வருமாயின் சர்வரினுள்ளே தேடுக.

சர்வரினுள்ளே 514 என்னும் போர்ட்டை வேறு நிரல் முன்னரே கைக்கொண்டிருத்தல் ஒரு காரணம். இது விரைவில் புலனாகும். முகவரி மயக்கம் அத்துணை எளிதன்று. ஒரு ரௌட்டருக்கு முகவரிகள் பல. செய்தி எவ்வாயிலாற் புறப்பட்டதோ அவ்வாயிலின் முகவரியே அனுப்பினோன் முகவரியாக நிற்கும். மென்பொருளின் பட்டியலிலோ அதே கருவி வேறு முகவரியால் எழுதப்பட்டிருக்கும். ஆதலின் வந்த செய்தி அயலான் செய்தியெனத் தள்ளப்படும். 'லாக்கிங் சோர்ஸ் இன்டர்பேஸ்' என்னும் ஒரு வரியால் இது தீரும்.

இவையெல்லாம் திருத்தியபின்னும், சிஸ்லாக்கை மட்டும் நம்பிக் காலமுறைச் சேகரிப்பைக் கைவிடலாகாது என்பதே என் துணிபு. என்னை? பழைய சிஸ்லாக் யூ.டி.பி. வழியே செல்வது, சேர்ந்தது என்னும் மறுமொழி அதற்கில்லை. மாறுதல் இல்லாமையாற் பிறந்த மௌனமும், செய்தி வழியில் மாய்ந்தமையாற் பிறந்த மௌனமும் சர்வருக்கு ஒன்றே. ஒருவர் பிழையாக வழியை மாற்றிக் கருவிக்கும் சர்வருக்கும் உள்ள தொடர்பையே அறுத்துவிட்டால், எம்மாறுதல் மிகவும் அறியத்தக்கதோ அதுவே அறிவிக்கப்படாது போகும். கட்டளை நிலையினின்று வெளியேறாது திரையைத் திறந்தபடி வீடு சென்றவர் செய்த மாறுதலும் அவ்வாறே. அது நடைமுறைக்கு வந்துவிட்டது, செய்தியோ இன்னும் பிறக்கவில்லை.

2009-இல் ஆர்.எப்.சி. 5425 வகுத்த காப்புடைய வழி இருக்கின்றதே என்பர். அனுப்பியது சேரும் என்பதற்கு அது துணை. அனுப்பப்பட்டதா என்பதற்கு அன்று. நாடோறும் ஆயிரம் கருவிகளிற் புகுதல் சுமையன்றோ என்பாரும் உளர். முழுப்படியும் எடுக்கவேண்டுவதில்லை, 'நின் கட்டளை இறுதியாக மாறியது எப்போது' என்று எஸ்.என்.எம்.பி. வாயிலாக வினவினால் சிஸ்கோ கருவிகள் விடை தரும். மாறியிருந்தால் மட்டும் புகுக. ஆக்ஸிடைஸ்டு என்னும் இலவச நிரலோடு சிஸ்லாக் கேட்கும் துணைநிரலும் வருகின்றது. ஆயினும் அந்நிரல் இயல்பாக 3600 விநாடிக்கொருமுறை தானும் சென்று பார்க்கின்றது. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனாற் சரிபார்க்க எனத் திருக்குறள் ஒற்றாடல் அதிகாரத்துட் கூறியதை எம் வகுப்பினர் அறிவர்.

இது வீண் அச்சமன்று. பணி நீங்கிய ஒருவரின் பெயரைத் திங்கட்கிழமை ரௌட்டரினின்று நீக்குகின்றனர் என்க. அச்செய்தி சேரவில்லை. வியாழனன்று ரௌட்டர் எரிந்துபோகப் புதியதில் பழைய படியை ஏற்றுகின்றனர். நீக்கியவர் மீண்டும் உள்ளே வந்துவிட்டார், எவரும் அறியார்.

மென்பொருள் செய்வோர் திரையில் ஒவ்வொரு கருவிக்கும் எதிரே ஒரு பச்சைப் புள்ளியை இடுகின்றனர். அப்புள்ளியை நீக்கி, இறுதியாகச் செய்தி வந்த நாள், இறுதியாகப் படியெடுத்த நாள், கருவி தன் கட்டளை மாறியதாகக் கூறும் நாள் ஆகிய மூன்றையும் அருகருகே எழுதிக் காட்டுவாராயின், மேற்கூறிய ஆராய்ச்சியிற் பாதி வேண்டாததாகும்.