ஹாலில் ஓர் இருபது நிமிடம்

காலை நிகழ்ச்சிக்கு வரும் குரல் பதிவுகளில் மாதம் ஒரு முறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். "அக்கா, ஜிம்முக்குப் போக வசதிப்படாது. வீட்டிலேயே ஏதாவது செஞ்சு உடம்பை டோன் பண்ண முடியுமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுக் காடிக்குள் உட்கார்ந்தபடியே பேசுகிறார்கள் என்பது பின்னால் கேட்கும் ஹார்ன் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

முடியும். ஆனால் இந்த 'டோன்' என்ற சொல்லை முதலில் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம். ஜிம் விளம்பரங்களில் நாம் பார்க்கும் அந்த இறுக்கமான கை, கால், இடுப்பு எல்லாம் இரண்டே விஷயங்களால் ஆனவை. உள்ளே கொஞ்சம் தசை, மேலே குறைவான கொழுப்பு. இதில் கொழுப்பு நாம் சொல்கிற இடத்திலிருந்து கரையாது. படுத்துப் படுத்து எழுந்து வயிற்றுக்கு நூறு முறை பயிற்சி கொடுத்தாலும் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் குறையாது. அது உடம்பு முழுவதும், அதன் சொந்த வரிசையில்தான் குறையும். அதைப் பெரும்பாலும் முடிவு செய்வது நம் தட்டும் தே தாரிக் குவளையும்தான். தசை அப்படியல்ல. எந்த இடத்துக்கு வேலை கொடுக்கிறோமோ அந்த இடத்தில் வளரும். ஆகவே வீட்டுப் பயிற்சியிடம் கேட்க வேண்டியது தசையைத்தான். "ஆம்பளை மாதிரி ஆயிடுவேனோ" என்று பயப்படும் தோழிகளுக்கு: பெண்ணின் உடம்பில் அதற்கான ஹார்மோன் மிகக் குறைவு. ஒரு மூட்டை அரிசியைத் தூக்கி அப்படி ஆகிவிட முடியாது.

அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 54.4 விழுக்காட்டினர், அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இனிப்புநீரில் நம் இந்தியர்கள்தான் பல ஆண்டுகளாக முன்னால் நிற்கிறோம். நம் குடும்பங்களில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கை இழுத்துச் சேமித்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். வயது ஏற ஏற அந்தக் கிடங்கு தானாகவே சுருங்கும். அதைச் சுருங்கவிடாமல் வைத்திருக்க நடை மட்டும் போதாது. உலகச் சுகாதார நிறுவனம் வாரம் 150 நிமிட மிதமான உடலியக்கத்தோடு, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கென்று பயிற்சியும் வேண்டும் என்று சொல்வது அதனால்தான். நம்மில் பலர் முதல் பாதியைக் கேட்டுத் தாமான் பூங்காவைச் சுற்றி நடக்கிறோம். இரண்டாம் பாதி காதில் விழுவதே இல்லை.

"நாள் முழுக்க வீட்டு வேலை செய்றேனே, அது பத்தாதா?" என்பது அடுத்த கேள்வி. வீட்டு வேலையும் உடலியக்கம்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வருடத்துக்கு முன் பிடித்த துடைப்பத்தின் எடைதான் இன்றைக்கும். தசை பழகிய வேலைக்கு அசைந்து கொடுக்காது. நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால்தான் அது மாறும். ஜிம்மில் இருக்கும் ஒரே ரகசியம் இதுதான். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். இதை வீட்டிலும் செய்யலாம்.

உட்கார்ந்து எழுவதிலிருந்து ஆரம்பியுங்கள். பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம், பள்ளியில் வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் கெத்தோக் கெத்தாம்பி. பக்திக்கும் தண்டனைக்கும் ஒரே அசைவைக் கண்டுபிடித்த ஊர் நம்முடையது. தொடைக்கும் இடுப்புக்கும் இதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது. முதலில் ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையை ஊன்றாமல் அதில் உட்கார்ந்து எழுங்கள். முட்டி கால் விரல்கள் பார்க்கும் திசையிலேயே போகட்டும், உள்பக்கம் சாயக் கூடாது. பத்து முறை சுலபமாக வந்தால் பதினைந்து. அதுவும் சுலபமென்றால் நாற்காலியை எடுத்துவிடுங்கள். பிறகு கீழே இறங்குவதை மூன்று எண்ணும் வரை மெதுவாக்குங்கள். அதற்கும் பிறகு பிள்ளையின் பள்ளிப் பையில் 5 கிலோ அரிசியை வைத்து முன்பக்கமாக அணைத்துக்கொண்டு செய்யுங்கள். பயிற்சி முடிந்ததும் அதே அரிசியைச் சமைக்கலாம், எந்த ஜிம்மிலும் இந்த வசதி கிடையாது.

தண்டாலுக்கும் இப்படிப் படிகள் உண்டு. தரையில் ஒன்றுகூட வராது என்பவர்கள் சுவரில் கை வைத்துத் தொடங்கலாம். அடுத்து சமையல் மேடை, அடுத்து மாடிப்படி, கடைசியில் தரை. கை வைக்கும் இடம் தாழத் தாழ பாரம் கூடும். முட்டி போட்டுச் செய்வதைவிட இப்படி உயரத்திலிருந்து இறங்கி வருவதே எனக்குச் சரியாகப் படுகிறது. உடம்பு நேராக நிற்கப் பழகிவிடும்.

வீட்டுப் பயிற்சி செய்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் முதுகு. தள்ளுவதற்குச் சுவரும் தரையும் இருக்கின்றன, இழுப்பதற்கு வீட்டில் எதுவும் இல்லை. கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துக் கூன் போடும் நமக்கோ முதுகுதான் அதிகம் தேவை. அதே அரிசிப் பையை எடுங்கள். ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, முதுகை நேராக வைத்துக் குனிந்து, மறு கையால் பையை இடுப்பை நோக்கி இழுங்கள். பாரம் போதவில்லையென்றால் 2.50 வெள்ளி உதவித்தொகை எண்ணெய் பாக்கெட்டைக் கூடவே போடலாம். சரியாக ஒரு கிலோ. கசியாத பாக்கெட்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இதோடு மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மேலே தூக்கி இறக்கும் பயிற்சியையும் சேர்த்தால் போதும். ஐம்பது வகைப் பயிற்சி காட்டும் காணொளிகளைச் சேமித்து வைப்பதில் பயனில்லை.

எத்தனை முறை என்பதற்கு நிலையான எண் கிடையாது. "இன்னும் இரண்டு மூன்றுதான் வரும், அதற்கு மேல் முடியாது" என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த எல்லைக்குப் பக்கத்தில் போனால் குறைந்த பாரமும் தசையை வளர்க்கும். மூச்சே வாங்காமல், சீரியல் பார்த்துக்கொண்டே இருபது முறை கையை ஆட்டினால் வளர்க்காது. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி: இதில் எதற்கும் குதிக்க வேண்டியதில்லை. கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார்.

வீட்டில் உடற்பயிற்சி யூடியூப் கொண்டுவந்த புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். வானொலிக்காரி என்பதால் கொஞ்சம் பெருமையோடு சொல்கிறேன், இதில் எங்கள் துறைதான் மூத்தது. 1920களில் அமெரிக்காவில் ஓர் ஆயுள் காப்புறுதி நிறுவனம் காலை வானொலியில் பயிற்சி நடத்தியது. (காப்புறுதி எடுத்தவர் நீண்ட காலம் வாழ்ந்தால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்!) அந்த யோசனையை எடுத்துக்கொண்டு ஜப்பான் 1928இல் 'ராஜியோ தாய்சோ'வைத் தொடங்கியது. பியானோ இசைக்கு மூன்று நிமிடம் சொச்சம் கையை வீசி, குனிந்து, நிமிரும் பயிற்சி. இன்றைக்கும் அங்கே காலை 6.30க்கு ஒலிக்கிறது. பயிற்சி ஒன்றும் கடினமானதல்ல. அது இத்தனை காலம் நின்றதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். அதே நேரம், அதே இசை. செய்யலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்கே இடம் கொடுக்கவில்லை.

நாமும் கடிகாரத்துக்குப் பதில் பாட்டை வைத்துக்கொள்ளலாம். ஒரு தமிழ்ப் பாட்டு நாலு, நாலரை நிமிடம் வரும். முதல் பாட்டுக்கு நின்ற இடத்திலேயே நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். இரண்டாவதற்கு உட்கார்ந்து எழுதலும் தண்டாலும் மாறி மாறி. மூன்றாவதற்கு முதுகும் இடுப்பும். முடிந்தால் நான்காவதற்கு எல்லாவற்றையும் இன்னொரு சுற்று. விளம்பரம் வந்தால் ஓய்வு. அலைவரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். வாரத்துக்கு மூன்று நாள் இப்படி இருபது நிமிடம் போதும்.

இருபது நிமிடம் என்று நான் சொல்லிவிடலாம். அது எங்கே கிடைக்கும்? எனக்கு வரும் பதிவுகளில் உண்மையான சிக்கல் அரிசியோ பையோ அல்ல, ஹால்தான். தொலைக்காட்சி மாமனாருடையது, சோபா பிள்ளைகளுடையது, சமையலறை எல்லாருடைய பசியுடையது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி ஜிம்கள் மூடப்பட்டபோது எல்லாரும் வீட்டிலேயே பயிற்சி செய்யலாம் என்றோம். வீட்டில் எல்லாரும் இருந்ததால் அம்மாவுக்கு வேலைதான் கூடியது. கணவர் வாரம் இரண்டு மணி நேரம் ஃபுட்சால் ஆடப் போனால் அது பொழுதுபோக்கு. மனைவி ஹாலில் பாய் விரித்தால் ஆளுக்கொரு கருத்து. "இந்த வயசுல எதுக்கு?" "சாப்பாடு ஆயிடுச்சா?" இதைப் படிக்கும் அண்ணன்மார்களே, அந்த இருபது நிமிடம் பிள்ளைகளுக்குப் பசியாற எடுத்து வைத்துவிட்டு நீங்கள் அவர்களோடு உட்காருங்கள். ஜிம் கட்டணத்தைவிட மலிவான பரிசு. அதுவும் நடக்காத வீட்டில், சகோதரிகளே, அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். உட்கார்ந்து எழக் கட்டிலோரமே போதும்.

முதல் சில வாரம் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. பலம் மட்டும் கூடும், ஏனென்றால் முதலில் கற்றுக்கொள்வது நரம்புகள். தசை கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும். எடை இயந்திரம் அசையாமலும் இருக்கலாம். போன தீபாவளி ரவிக்கையைப் போட்டுப் பாருங்கள், அது சொல்லும். சாப்பாட்டில் முட்டை, பருப்பு, தெம்பே, கெம்போங் மீன் என்று ஏதாவது ஒன்று வேளைக்கு வேளை இருக்கட்டும். வெறும் ரொட்டி சானாயால் தசை வளராது.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தூக்கும்போது மூச்சை அடக்க வேண்டாம், எழும்போது வெளியே விடுங்கள். இன்சுலினோ இனிப்புநீர் மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியால் சர்க்கரை திடீரென இறங்கலாம். தொடங்குவதற்கு முன் அரசாங்க கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், கட்டணம் ஒரு வெள்ளிதான். நெஞ்சு வலித்தால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும்.

வீட்டில் அறுபது தாண்டிய அம்மா அப்பா இருந்தால் இந்த வாரம் ஒன்று செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரில் சாய்த்துப் போட்டு, கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார்கிறார்கள் என்று எண்ணுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 60 முதல் 64 வயதுக்குள் பெண்ணுக்கு 12க்கும் ஆணுக்கு 14க்கும் குறைந்தால் சராசரிக்குக் கீழே. 70 முதல் 74 வரை பெண்ணுக்கு 10, ஆணுக்கு 12. அதற்குக் கீழே வந்தால் கால் பலம் குறைகிறது, விழும் ஆபத்து கூடுகிறது என்று பொருள். "எதுக்குடி இதெல்லாம்?" என்று கேட்பார்கள். நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த பாட்டுக்கு அவர்களையும் கூப்பிடுங்கள்.