துலாக்கோலைத் தமிழிற் பிடிப்போம்!



புதுவை அரசுப் பள்ளிகள் 2024-25ஆம் கல்வியாண்டோடு நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்திற்குள் முற்றாகச் சென்றுவிட்டன. அதுவரை தமிழ்நாட்டுப் பாடநூல்களை வைத்துத் தமிழிலேயே அறிவியல் கற்க வாய்ப்பிருந்த வில்லியனூர், வாகூர்ச் சிற்றூர்ப் பிள்ளைகளின் கைகளில் இன்று ஆங்கில நூல்கள் உள்ளன. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலைத் திறந்தால் முதல் இயலே வேதிவினைகளும் வேதிச் சமன்பாடுகளும். உழவர் வீட்டுப் பிள்ளை வேதியியல் என்னும் கோட்டைக்குள் நுழையும் வாயில் அதுதான். அவ் வாயிலிலேயே அயன்மொழிப் பூட்டுத் தொங்குகிறது. பூட்டின் தன்மையை நம்மனோர் அறிதல் வேண்டும் என்பதற்காகவே இவ் ஆசிரியவுரை.

சமன்பாடு என்பது யாது? பொருள்கள் வினைப்படும்போது அணுக்கள் புதிதாய்த் தோன்றுவதுமில்லை, உள்ளவை அழிவதுமில்லை, கூட்டு மட்டுமே மாறுகிறது. வினைக்கு முன்னும் பின்னும் நிறை ஒன்றே என்னும் இவ் உண்மையைத் துலாக்கோல் கொண்டு நிறுத்துக் காட்டி, 1789இல் தம் வேதியியல் நூலில் நிலைநாட்டியவர் பிரஞ்சு நாட்டு இலவாசியே. எனவே, இடத் தட்டில் உள்ள அணுக்களும் வலத் தட்டில் உள்ள அணுக்களும் வகைக்கு வகை, எண்ணுக்கு எண் ஒத்திருத்தல் வேண்டும். நடுவுநிலைமைக்கு வள்ளுவப் பேராசான் காட்டிய உவமையும் இத் துலாக்கோலே. ‘சமன்’ என்னும் சொல்லும் அக் குறளிலேயே நிற்கிறது. கருத்து நமக்குப் புதிதன்று. அதனைச் சொல்லும் மொழியைத்தான் நம் பிள்ளைக்குப் புதிதாக்கி வைத்திருக்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நீரகமும் (ஐதரசன்) உயிர்வளியும் (ஆக்சிசன்) கூடி நீராகின்றன. நீரகம் இரண்டிரண்டு அணுக்களாகவே இணைந்து திரியும், உயிர்வளியும் அவ்வாறே. நீரின் ஒரு மூலக்கூற்றிலோ நீரக அணு இரண்டு. உயிர்வளி அணு ஒன்று. இடப்பக்கம் உயிர்வளி இரண்டாக இருக்க, வலப்பக்கம் ஒன்றே நிற்கிறது. தட்டுச் சாய்ந்துவிட்டது! என் செய்வது?

பொருள் புரியாத பிள்ளை உடனே நீரின் வாய்பாட்டுக்குள்ளே கைவைத்து, உயிர்வளிக்குப் பக்கத்தில் ஓர் இரண்டை எழுதிவிடும். கணக்கு ஒத்துப்போகும், பொருளோ மாறிப்போகும். வந்தது நீரன்று; புண் கழுவவும் வெளுக்கவும் பயன்படும் ஐதரசன் பெராக்சைடு! இப் பிழையை நீக்கத் தமிழாசிரியன் சொல்லும் ஒரு சொல் போதும். ‘பத்துக் கல்’ என்றால் கல்லின் எண்ணிக்கை பெருகும். கல் கல்லாகவே இருக்கும். கல்லுக்குள்ளே கைவைத்துக் ‘கால்’ ஆக்கினால் பொருளே வேறாகிவிடும். சொல்லுக்கு முன்னே எண்ணை இடலாம். சொல்லின் உள்ளே எழுத்தை மாற்றலாகாது. வேதியியலார் முன்னெண், கீழெண் எனப் பிரிப்பதும் இதனைத்தான்.

சரி, எந்த எண்ணை இடுவது? இதற்கு மாட்டு வண்டியை நினைத்தாலே போதும். வண்டி ஒன்றிற்கு மாடு இரண்டு. மாடுகள் இணை இணையாக வருகின்றன. வண்டிகளும் இணையாகவே வருகின்றன என்று கொள்வோம். ஓர் இணை வண்டி வந்துவிட்டால் மாடு எத்தனை இணை வேண்டும்? இரண்டு இணை. பூட்டி நிற்கும் வண்டிகள் எத்தனை? இரண்டு. முடிந்தது! நீரக மூலக்கூறு இரண்டு, உயிர்வளி மூலக்கூறு ஒன்று, நீர் மூலக்கூறு இரண்டு. பக்கத்துக்கு நீரக அணு நான்கு; உயிர்வளி அணு இரண்டு. இதற்கு மனப்பாடம் எதற்கு?

சற்றுக் கடினமானதையும் பார்ப்போம். பழுக்கக் காய்ச்சிய இரும்பின்மேல் நீராவி செல்லுங்கால், மூன்று இரும்பணுவும் நான்கு உயிர்வளி அணுவும் கொண்ட இரும்பு ஆக்சைடு உண்டாகிறது, நீரகம் வெளியேறுகிறது. அணுக்கள் மிக்க கூட்டுப்பொருளிலிருந்து தொடங்குக. அதில் உயிர்வளி நான்கு. அவை நீரிலிருந்தே வரவேண்டுமாதலின் நீர் நான்கு. நான்கு நீரில் நீரக அணு எட்டு. அவை இரண்டிரண்டாக வெளியேறினால் நீரக மூலக்கூறு நான்கு. தனித்து நிற்கும் இரும்பை இறுதியில் எண்ணுக: மூன்று. மூன்று, நான்கு, ஒன்று, நான்கு என விடை வந்துவிட்டது. ஒவ்வொரு படியிலும் ‘ஆதலின்’ என்னும் சொல் நின்று வழிகாட்டுவதைக் காண்க. ‘ஆதலின்’ எந்த மொழியில் பிள்ளையின் உள்ளத்தில் ஊன்றியிருக்கிறதோ, அந்த மொழியில்தான் இந்தப் படிகளில் ஏற முடியும்.

புதுவையின் நெற்களஞ்சியம் எனப்படும் வாகூரில் யூரியா மூட்டையை அறியாத வீடு உண்டா? அவ் யூரியாவுக்கு மூலம் அம்மோனியா. காற்றிலுள்ள நைட்ரசனையும் நீரகத்தையும் கூட்டி அதனைப் பேரளவில் ஆக்கும் தொழிற்சாலை 1913இல் செருமனியில் ஓப்பாவு என்னும் ஊரில் இயங்கத் தொடங்கியது. நைட்ரசன் மூலக்கூறு ஒன்றும் நீரக மூலக்கூறு மூன்றும் கூடி அம்மோனியா மூலக்கூறு இரண்டு ஆகும். “நான்கு கூடி இரண்டானால் மீதி இரண்டு எங்கே போயின?” என்று கூர்மதிப் பிள்ளை கேட்கும். கேட்கவும் வேண்டும்! ஒத்திருக்க வேண்டியது மூலக்கூறுகளின் தொகையன்று, அணுக்களின் தொகை. இடப்பக்கம் எட்டு, வலப்பக்கமும் எட்டு என்று ஆசிரியர் விளக்குவார். ஆனால் அக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல் வாய்மூடி அமரும் பிள்ளைக்கு இவ் விளக்கம் என்றைக்குக் கிட்டும்? ‘ஒன்று, மூன்று, இரண்டு’ என்று கிளிபோல் ஒப்பித்துத் தேர்வில் எழுதிவிட்டுப் போகும். வினாவைக் கொன்றபின் அறிவியலுக்கு அங்கே என்ன வேலை?

“குறியீடுகள் எல்லாம் இலத்தீன் எழுத்துகள் ஆயிற்றே, தமிழில் வேதியியல் எங்ஙனம் இயலும்?” என்பார் சிலர். பெயர் வேறு, குறியீடு வேறு என்பதை அறியாதார் கூற்று இது. எழுத்துக் குறியீடுகளை வகுத்தவர் சுவீடன் நாட்டுப் பெர்சீலியசு. இரும்பின் குறியீடு ‘பெர்ரம்’ என்னும் இலத்தீன் பெயரின் முதலெழுத்துகள். இரும்பை ஆங்கிலேயரும் பெர்ரம் என்று அழைப்பதில்லையே! செருமானியர் நீரகத்தை ‘நீர்ப்பொருள்’ என்றும் உயிர்வளியைப் ‘புளிப்புப் பொருள்’ என்றும் பொருள்படத் தம் மொழியிலேயே வழங்குகின்றனர். சப்பானியர் நீரகத்துக்கு இட்ட பெயரிலும் நீரே முன்னிற்கிறது. குறியீட்டை உலகோடு ஒத்து எழுதி, பெயரையும் விளக்கத்தையும் தம் மொழியில் வைத்துக்கொண்ட அவ்விரு நாட்டாரும் வேதியியலில் எவர்க்கும் பின்தங்கினாரில்லை. குறியீட்டையும் தமிழெழுத்தாக மாற்ற வேண்டும் எனும் நம் அன்பர் சிலர்க்கும் இதுவே நம் விடை. பொதுக் குறியீடு இருக்கட்டும். அதனைப் படித்துப் பொருள் சொல்லும் வாய் தமிழ்வாயாக இருக்கட்டும்.

இது கனவும் அன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் ஆக்கிய ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் 1875இலேயே வெளிவந்தது. பெயரில் தமிழ் இல்லையே என்று நாம் வருந்தலாம். உள்ளே வேதியியலைத் தமிழில் சொல்ல முடியும் என்று அயல்நாட்டார் ஒருவர் காட்டிவிட்டாரே! இன்றும் ஈழத்துப் பிள்ளைகள் உயர்தர வகுப்பு வேதியியலைத் தமிழிற் கற்றுத் தமிழிலேயே தேர்வெழுதுகின்றனர். கடலுக்கு அப்பால் இயல்வது வில்லியனூரில் ஏன் இயலாது?

வாகூருக்குக் கல்வி வரலாறு ஒன்று உண்டு. பல்லவ வேந்தன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டுச் செப்பேடு, அவ்வூர்க் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகிறது. ஆயின் அங்கே ஓதப்பட்டது வடமொழிக் கல்வி. ஊரும் உழைப்பும் நம்முடையவை; மொழி மட்டும் பிறருடையது என்னும் அந் நிலை ஓராயிரம் ஆண்டு கடந்தும் மீண்டும் வரலாமா?

இந்திய மொழிகளையும் பாடமொழியாகக் கொள்ளலாம் என்று நடுவண் வாரியமே 2023 சூலையில் தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்துள்ளது. கதவு சிறிதேனும் திறந்திருக்கிறது. அறிவியலைத் தமிழிற் கற்பிக்கும் பிரிவு வேண்டும் என்று பெற்றோர் எழுத்தில் கேட்க வேண்டும்; ஊர்தோறும் கேட்க வேண்டும். ஆசிரியப் பெருமக்கள் நூல் எம்மொழியில் இருப்பினும் கரும்பலகை முன்னே தமிழில் விளக்கத் தயங்கலாகாது. தமிழன்பர்கள் மாலை வேளைகளில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, கல்லும் காலும் சொல்லி, மாடும் வண்டியும் எண்ணிச் சமன்பாடு கற்பிக்கலாம். தாய்மொழியில் ஒருமுறை விளங்கியதை எம்மொழித் தேர்விலும் பிள்ளை எழுதிவிடும். விளங்காததை எம்மொழியிலும் எழுதவியலாது.

துலாக்கோல் நம்முடையது. தட்டுகள் சாயாமற் காப்போம், வாரீர்!