போவது 4, திரும்புவது 6

திருப்பூர் நல்லூரில் பின்னிய துணி சாய ஆலைக்குப் போய், சாயமேறித் திரும்பும். அந்தச் சரக்குக்கான இ-வே பில்லை மென்பொருள் வழியே போட்டால், ஜாப் ஒர்க்குக்குப் போவதற்குக் குறியீட்டு எண் 4, திரும்புவதற்கு எண் 6. தேதிக்கும் அலகுக்கும்கூட இன்ன வடிவம்தான் என்று தேசியத் தகவலியல் மையம் எழுதி வெளியிட்டிருக்கிறது.

கம்பெனிகளின் சொந்த மென்பொருள்களில் பெரும்பாலும் அந்தத் தெளிவு கிடையாது. ‘அளவு’ என்று ஒரு கட்டம் இருக்கும். கிலோவா, பீஸா? பழகிய கணக்கருக்குத் தெரியும். அவர் வேலையை ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுத்தால், அது ஊகித்து நிரப்பிவிடும்.

ஏஐ ஏஜென்ட்டை மென்பொருள்களோடு இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில், ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டு வடிவம் தர இடமுண்டு. விளக்கத்தை வெறுமையாக விட்டால் பயனில்லை. அலகு, ஒரு மாதிரிப் பதிவு, எந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையெல்லாம் எழுதித் தந்த பிறகே மென்பொருள்காரருக்கு முதலாளிகள் பணம் கொடுக்க வேண்டும்.