கிலியட் தருமபுரிக்கு எவ்வளவு தூரம்?

கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலைப் பள்ளியில் சொல்லிக் கொடுக்கலாமா கூடாதா என்று வட அமெரிக்காவில் பல வருடமாகச் சண்டை. பெற்றோர் புகார் கொடுக்கிறார்கள், நிர்வாகம் கமிட்டி போடுகிறது, சில இடங்களில் பள்ளி நூலகத்திலிருந்தே புத்தகத்தைத் தூக்கிவிடுகிறார்கள். 2022இல் பதிப்பகமும் அட்வுட்டும் சேர்ந்து தீயில் எரியாத ஒரு பிரதியையே தயாரித்து ஏலம் விட்டார்கள். 1,30,000 டாலருக்குப் போனது!

நம் ஊர்ப் பள்ளிகளில் இந்தச் சண்டை இல்லை. நாம் ரொம்ப முற்போக்கு என்பதால் அல்ல. இப்படி ஒரு நாவலை ப்ளஸ் டூ வகுப்புக்குள் கொண்டுபோகலாம் என்ற பேச்சே எழுவதில்லை, அதனால்தான். அந்தப் பேச்சு எழ வேண்டும். எழவேண்டிய முதல் இடம் தருமபுரி மாவட்டம்.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். அமெரிக்காவில் மதவாதக் கும்பல் ஒன்று ஆட்சியைப் பிடித்து நாட்டுக்குக் கிலியட் என்று பெயர் வைக்கிறது. குழந்தை பிறப்பது குறைந்துபோன காலம். பிள்ளை பெறத் தகுதியுள்ள பெண்களைப் பிடித்து, சிவப்பு அங்கி மாட்டி, அதிகாரிகள் வீட்டில் பிள்ளை பெற்றுத் தரும் பணிப்பெண்களாக வைக்கிறார்கள். அந்தப் பெண்கள் படிக்கக் கூடாது. கடைப் பலகையில்கூட எழுத்தை அழித்துவிட்டுப் படம்தான். கதை சொல்பவளின் பெயர் ஆஃப்ரெட். அதாவது 'ஃப்ரெட்டுக்கு உரியவள்'. அவளுடைய சொந்தப் பெயரை நாவல் கடைசிவரை வெளிப்படையாகச் சொல்வதே இல்லை.

உலக வரலாற்றில் எங்காவது ஏற்கெனவே நடக்காத எதையும் இதில் சேர்ப்பதில்லை என்பது அட்வுட் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. ஆகவே இது கற்பனை நாடு, நமக்கென்ன என்று யாரும் நகர முடியாது. தருமபுரிக்காரர்கள் சுத்தமாக முடியாது.

எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெயர். நாலாவதாகவும் பெண் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்த தமிழ்நாடு இது. பள்ளி வருகைப் பதிவேட்டில் தினமும் அந்தப் பெயரைக் கூப்பிட்டால், 'நீ வேண்டாத பிள்ளை' என்று தினமும் ஒருமுறை அவளுக்கு நினைவூட்டுகிறோம். ஆஃப்ரெட் என்ற பெயரின் கொடுமையை அந்தப் பெண்ணுக்கு யாராவது விளக்க வேண்டுமா என்ன?

கர்ப்பம். கிலியட் குழந்தைக்காகப் பெண்ணைச் சிறை வைக்கிறது. இங்கே பெண் குழந்தை பிறக்காமலிருக்கப் பெண்ணை ஸ்கேனுக்கு அழைத்துப் போனார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கில் தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. 2011 கணக்கில் எண்ணிக்கை 913 ஆனது. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் சட்டவிரோத ஸ்கேன் கும்பல் பிடிபட்ட செய்தி இந்த மாவட்டத்திலிருந்து 2022இலும் வந்தது. வழி வேறு, கணக்கு ஒன்றே: கருப்பை அவளுடையது, முடிவு மற்றவர்களுடையது.

அடுத்து பணம். நாவலின் மிக முக்கியமான இடம் இதுதான், பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடமும் இதுதான். கிலியட் முதலில் சிவப்பு அங்கியைக் கொண்டுவரவில்லை. முதலில் பெண்களின் வங்கிக் கணக்கை முடக்குகிறது. ஒருநாள் கடையில் அவள் கார்டு வேலை செய்யாது. அன்றைக்கே அலுவலகத்தில் பெண்கள் எல்லோரையும் வேலையைவிட்டு அனுப்புகிறார்கள். அவள் கணக்கிலிருந்த பணம் இனிக் கணவனுக்குப் போகும், கணவன் இல்லாவிட்டால் நெருங்கிய ஆண் உறவினருக்கு. சிவப்பு அங்கியெல்லாம் அப்புறம்தான்.

இதைத் தருமபுரியில் வைத்துப் படியுங்கள். தமிழ்நாட்டில் அரசு வழி மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தொடங்கிய மாவட்டமே தருமபுரிதான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு இங்கே ஆரம்பித்துத்தான் மற்ற மாவட்டங்களுக்குப் போனது. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமை 2023 ஜூலையில் முதலமைச்சர் தொடங்கி வைத்ததும் இதே மாவட்டத்துத் தொப்பூரில்தான். பாஸ்புக்கில் பெண் பெயர் ஏறிய வரலாறு உள்ள மண் இது. அதே சமயம் எத்தனை வீடுகளில் பாஸ்புக் அம்மா பெயரிலும் ஏடிஎம் கார்டு அப்பா பாக்கெட்டிலும் இருக்கின்றன? குழுக் கடன் யார் பெயரில், செலவு யார் கையில்? பொருளாதாரப் பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை அந்த ஒரு அத்தியாயம் நெஞ்சில் இறக்கிவிடும்.

அதே இடத்தில் இன்னொன்றும் உண்டு. வேலையும் பணமும் போன மனைவியிடம், 'கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிற மாதிரி கணவன் பேசுகிறான். நல்லவன்தான், அவள்மேல் அன்பாகத்தான் இருக்கிறான். ஆனால் இந்த ஏற்பாடு அவனுக்கு அவ்வளவு ஒன்றும் கஷ்டமாக இல்லையோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டுகிறது. வகுப்பிலுள்ள பையன்கள் படிக்க வேண்டிய இடம் அது. கெட்டவனைத் திட்டுவது சுலபம். 'நான் நல்லவன், ஆனால் இதில் எனக்கு லாபம் இருக்கிறது' என்று ஒரு பதினேழு வயதுப் பையன் யோசிப்பது லேசில்லை.

கடைசியாக அரசு வன்முறை. 1992 ஜூன் 20 அன்று அரூர் பக்கம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று புகுந்து ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம், அதுவரை உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை விதித்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருடம்! சீருடை போட்ட அரசே பெண்ணின் மீது பாய்வதைப் படிக்க இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் கிலியட்வரை போக வேண்டியதில்லை.

சரி, எதிர்ப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்பதும் தெரிந்ததுதான்.

"இந்த வயதுக்கு இதெல்லாம் எதற்கு?" பதினாறு வயதுப் பெண்ணின் கல்யாணத்தை அதிகாரிகள் போய்த் தடுத்து நிறுத்திய செய்தி இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. தாலி கட்ட வயசாகிவிட்டது, நாவல் படிக்க வயசாகவில்லையா?

"ஆபாசம் இருக்கிறது." பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் மனித இனப்பெருக்கம் தனிப் பாடம். கண்ணகி தன் மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்த கதையைத் தமிழ் வகுப்பில் கூச்சமில்லாமல் நடத்துகிறோம். நாவலில் வரும் சடங்குக் காட்சி யாரையும் கிளர்ச்சியூட்ட எழுதப்பட்டதல்ல, படிப்பவருக்குக் குமட்டும். அப்படியும் தயக்கம் என்றால் முழு நாவலும் வேண்டாம், நாலைந்து அத்தியாயம் போதும்.

"கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஆங்கிலம் புரியாது." இது ஒன்றுதான் நியாயமான ஆட்சேபம். அதற்கும் வழி இருக்கிறது, அதுவும் சென்னையிலிருந்தே! 1905இல் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' பத்திரிகையில் வங்காளத்து ரொக்கையா எழுதிய 'சுல்தானாவின் கனவு' வெளிவந்தது. சின்னக் கதை, எளிய ஆங்கிலம். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்க, பெண்கள் நாடாள்கிறார்கள். மேகத்திலிருந்து நேரடியாகத் தண்ணீர் இறக்குகிறார்கள், சூரிய வெப்பத்தைக் கொண்டே எதிரிப் படையை விரட்டுகிறார்கள். மழைக்கு வானம் பார்க்கும் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை பிடிக்காமல் போகுமா? ப்ளஸ் ஒன்னில் ரொக்கையா, ப்ளஸ் டூவில் அட்வுட். முதலில் கனவு, பிறகு கெட்ட கனவு.

"நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது." இந்த வாதம் வெளிநாட்டு நாவலோடு நிற்காது என்பதுதான் சிக்கல். 2021இல் டெல்லி பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது யாரை? மகாசுவேதா தேவியின் 'திரௌபதி', நம் பாமா, நம் சுகிர்தராணி. அட்வுட்டை வெளிநாட்டுக்காரர் என்று ஒதுக்குகிறவர்கள் பாமாவை எந்த நாட்டுக்காரர் என்று ஒதுக்கினார்கள்?

நாவலைப் பாடத்தில் வைத்தால் மட்டும் போதாது, கெடுக்க வேறு வழியும் இருக்கிறது. 'கிலியட்டில் பெண்களின் நிலை பற்றி விவரி, ஐந்து மதிப்பெண்' என்று கேள்வி போட்டு, கைடிலிருந்து விடையை மனப்பாடம் செய்ய வைத்தால் போதும், நாவல் செத்துவிடும். "பாருங்கள், அந்த நாட்டில் எவ்வளவு மோசம், நல்ல வேளை நாம் இங்கே பிறந்தோம்" என்று முடிக்கும் ஆசிரியர் அதைவிட ஆபத்து.

அட்வுட்டுக்கு இதுவும் தெரிந்திருக்கிறது. நாவலின் கடைசிப் பகுதியில் காலம் 2195. கிலியட் அழிந்துவிட்டது. ஒரு கருத்தரங்கில் பேராசிரியர் ஒருவர் ஆஃப்ரெட் விட்டுச் சென்ற ஒலிநாடாக்களைப் பற்றி உரையாற்றுகிறார். நடுநடுவே ஜோக் அடிக்கிறார், சபை சிரிக்கிறது. அவருக்கு ஆர்வமெல்லாம் அவளை வைத்திருந்த அதிகாரி யார் என்பதில்தான். அவள் பட்டது அவருக்கு ஓர் ஆவணம், அவ்வளவே. ஐந்து மதிப்பெண் கேள்வி போடுகிற ஒவ்வொருவரும் அந்தப் பேராசிரியருக்குத் தம்பிதான்.

அரூரிலோ பென்னாகரத்திலோ ஏதோவொரு அரசுப் பள்ளியில் இந்த நாவலின் அந்த வங்கிக் கணக்கு அத்தியாயத்தை மட்டும் ஒரு ஆசிரியர் நடத்தட்டும். நடத்திவிட்டு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கட்டும்: வீட்டில் யார் பெயரில் என்ன இருக்கிறது, அதை யார் எடுத்துச் செலவு செய்கிறார்கள் என்று ஆளுக்கொரு பக்கம் எழுதி வரச் சொல்லட்டும். மறுநாள் வகுப்பில் எந்தப் பேராசிரியரும் சிரிக்க முடியாது.