மீட்டோம், பிறகு மறந்தோம்

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது, ஊர் ஊராக லாரிகளில் அரிசியும் போர்வையும் அனுப்பினோம். சில வாரங்களில் வேறொரு செய்தி வந்தது. புயலில் எல்லாவற்றையும் இழந்த ஒரு குடும்பம், முன்பணம் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூட வயதுப் பையனை ஆடு மேய்க்க அனுப்பியிருந்தது. அதிகாரிகள் போய் மீட்டார்கள். படித்தோம், பதறினோம், பாராட்டினோம். அடுத்த ஜூனில் அந்தப் பையன் எந்த வகுப்பில் உட்கார்ந்தான் என்று நம்மில் அநேகமாக யாரும் கேட்கவில்லை. செய்தி எழுதியவர்களுக்கும் அது மீட்போடு முடிந்துபோயிற்று.

ஆட்டுக்கிடைக்குப் போன பிள்ளைகள், வாத்து மேய்க்கப் போன இருளர் வீட்டுப் பிள்ளைகள், செங்கல் சூளையில் கல் அறுத்த பிள்ளைகள், கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்று நம்பி நூற்பாலை விடுதிக்குள் போன பெண்பிள்ளைகள் என எல்லாரையும் ‘வறுமை, பாவம்’ என்ற ஒரே பெருமூச்சில் கடந்துவந்திருக்கிறோம். பெற்றோருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்கி, பிள்ளையைச் சுரண்டலுக்குக் கொண்டுபோவது ஆள்கடத்தல்தான் என்று 2013-இல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆவது பிரிவு சொன்னது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. சட்டம் கடத்தல் என்று சொன்னதை நாம் குடும்பக் கஷ்டம் என்று சொல்லிக்கொண்டோம். கடத்தப்பட்ட பிள்ளை என்றால், தேறிவருவதற்கு அரசும் சமூகமும் செலவழிக்க வேண்டும். குடும்பக் கஷ்டம் என்றால் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். நமக்கு இரண்டாவது வசதியாக இருந்தது.

மீட்கப்பட்ட பிள்ளைக்குப் பணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். கொத்தடிமைத் தொழிலாளர் மறுவாழ்வுக்கான மத்தியத் திட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, மீட்கப்படும் குழந்தைக்கு 2 லட்சம் ரூபாய் என்றும், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலைகளில் 3 லட்சம் என்றும் உயர்த்தினார்கள். ஆனால் உடனே கைக்கு வரக்கூடியது 20,000 ரூபாய் வரைதான் என்று இருந்தது. பிற்பாடு அது 30,000 ஆனது. முழுத்தொகை, முதலாளி மீதான வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. விசாரணை முடியாவிட்டாலும் கொத்தடிமைத்தனத்துக்கு முகாந்திரம் இருந்தால் கோரிக்கையை நிறுத்திவைக்கக் கூடாது என்று விதி சொல்கிறது. இறுதிப் பட்டுவாடாவுக்கோ நீதிமன்ற முடிவைப் பார்க்க வேண்டும் என்கிறது அதே விதி. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பத்து வயதில் மீட்கப்பட்டவனுக்கு மீசை முளைத்துவிடும். அதற்குள் அவன் மறுபடி எங்காவது வேலைக்குப் போயிருப்பான், அதே தரகரின் அட்வான்ஸில்கூட. சாட்சிகளைப் பிறழவைக்க வசதியுள்ள முதலாளி தப்பித்தால் பிள்ளையின் மறுவாழ்வுப் பணமும் சிக்கலாகும் என்கிற இந்த ஏற்பாட்டை எதிர்த்து நாம் ஒரு தெருமுனைக் கூட்டம்கூடப் போட்டதில்லை.

பணம் முழுதாக வந்தாலும் போதாது. இரவில் அலறி எழுகிற பிள்ளையோடு மாதக்கணக்கில் பேச ஒருவர் வேண்டும். பேச்சே குறைந்துபோன பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் உட்கார வைக்கும் முன், தனியாகச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் வேண்டும். கோர்ட்டுக்குக் கூடப் போக, பயப்படாதே என்று சொல்ல, தெரிந்த முகம் வேண்டும். இவையெல்லாம் சம்பளம் கொடுத்து நடத்த வேண்டிய வேலைகள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் இவற்றைச் செய்பவர்களை ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறோம். பிள்ளை ஒருவரை நம்பத் தொடங்கும்போது அவர் வேறு வேலை தேடிப் போய்விடுகிறார். குடும்பத்தோடு இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. அதை யாரிடம் எப்படிக் கேட்பது என்று சூளைக் குடும்பத்துக்குச் சொல்ல ஆள் வேண்டாமா?

இந்த விஷயத்தில் வழிகாட்டிய தீர்ப்பு நம் மண்ணின் வழக்கிலேயே வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது நல நிதியாகி அந்தப் பிள்ளைக்கே பயன்பட வேண்டும் என்றது. அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர முடியாவிட்டால் அரசும் தன் பங்குக்கு 5,000 போட வேண்டும் என்றது. நம் பிள்ளைகளின் பெயரில் வந்த அந்த நிதி எப்படிச் சேர்ந்தது, எப்படிச் செலவானது என்று நாம் விடாமல் கேட்டிருக்க வேண்டும். 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 2021-இல் சமக்ர சிக்‌ஷாவோடு இணைக்கப்பட்டு, அதன் சிறப்புப் பயிற்சி மையங்கள் முடிவுக்கு வந்தபோதும் நாம் பேசவில்லை. மறுவாழ்வு நிதி ஒன்றையும் உள்ளடக்கிய ஆள்கடத்தல் தடுப்பு மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் 2019-இல் காலாவதியானது. அந்த மசோதாவில் குறைகள் இருந்தன. விமர்சித்தவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. என்றாலும் நல்ல மசோதா வேண்டும் என்று தேர்தலில் கேட்டவர்கள் எங்கே?

நம்மிடம் ஈரம் இல்லை என்று சொல்ல மாட்டேன், லாரிகள் போனதைப் பார்த்தோம். ஒரு வாரம் கொடுக்கத் தெரிந்த நாம், ஒரு பிள்ளை வளர்ந்து முடிக்கும்வரை கொடுக்கப் பழகவில்லை, அரசையும் பழக்கவில்லை.

உடனடி உதவிக்கென்று ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரிடமும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிரந்தர நிதி இருக்க வேண்டும் என்று அந்த 2016 திட்டமே சொல்கிறது. நம் மாவட்டத்தில் அது இருக்கிறதா, கடந்த ஆண்டு எத்தனை பிள்ளைகளுக்குப் போனது, எத்தனை பேரின் முழுத்தொகை வழக்குக்காகக் காத்திருக்கிறது? தகவல் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்க 10 ரூபாய்தான் கட்டணம். இந்த மாதமே கேட்போம். பதில் வந்ததும் அதைக் கிராம சபையில் வாசிப்போம்.