முலான் என்னும் வழிநூல்

முன்னோர் செய்த நூலைப் பின்னோர் எடுத்தாளுங்கால், அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதற்கு நம் இலக்கணப் புலவர் ஒரு நெறி வகுத்துள்ளனர். முதனூலின் முடிபோடு ஒத்து நின்று, பின்னவன் தான் வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்து, மரபு அழியாமற் செய்வதே வழிநூல் என்பது நன்னூலார் கொள்கை. முடிபு, வேறுபாடு, மரபு என்னும் இம்மூன்றும் ஏட்டில் எழுதிய நூலுக்கே உரியன என்று யான் நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, என் தங்கையின் பொருட்டு அவளுடன் அமர்ந்து கண்ட ஒரு சித்திரப் படம் அவ்வெண்ணத்தை மாற்றியது. அஃது அமெரிக்க நாட்டு டிஸ்னி நிலையத்தார் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட 'முலான்' என்பதாகும்.

சிறுவர் காணும் சித்திரப் படத்தைக் குறித்துத் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் எழுதப் புகுவது எற்றுக்கு எனச் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர் நகைக்க. ஒன்பது வயது நிரம்பாத என் தங்கை படத்தின் நடுவே என்னை ஒரு வினா வினவினாள். அதற்கு விடை கூற என்னால் இயலவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து. அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

முதற்கண் முதனூலை நோக்குவோம். அது சீன நாட்டுப் பழம்பாட்டு ஒன்று. வடபுலத்து அரச மரபினர் சீனத்தின் வடபகுதியை ஆண்ட காலத்தே, கி. பி. 4ஆம் நூற்றாண்டுக்கும் 6ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், அது தோன்றியிருத்தல் வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. பின்னர் 12ஆம் நூற்றாண்டில் குவோ மாவோசியன் என்பார் தொகுத்த இசைப்பாட்டுத் தொகையுள் இடம்பெற்று நம் காலம் வரை வந்துளது. எழுத்தெண்ணிப் பார்ப்பின் 350ஐயும் எட்டாத சிறு பாட்டு.

தறியின்முன் அமர்ந்த பெண்ணொருத்தியின் பெருமூச்சோடு பாட்டுத் தொடங்குகின்றது. அரசன் படைக்கு ஆள் திரட்டுகின்றான். வந்த 12 ஏடுகளிலும் அவள் தந்தையின் பெயர் உளது. தந்தைக்கு வளர்ந்த மகன் இல்லை; முலானுக்குத் தமையன் இல்லை. ஆகவே அவளே புறப்படுகின்றாள். நான்கு திசைச் சந்தைகளிலும் குதிரையும் சேணமும் கடிவாளமும் சாட்டையும் வாங்குகின்றாள். விடியலில் தாய் தந்தையரிடம் விடைபெறுகின்றாள். மாலையில் மஞ்சளாற்றங்கரையில் தங்கி, பெற்றோர் அழைக்கும் குரலுக்கு மாறாக ஆற்றின் ஒலியையே கேட்கின்றாள். பத்தாண்டுப் போர் ஆறே அடிகளில் முடிந்துவிடுகின்றது. வெற்றியின் பின்னர் அரசன் அளிக்க வந்த உயர் பதவியை மறுத்து, ஊர் திரும்ப விரைவானதோர் ஊர்தியையே வேண்டுகின்றாள். தமக்கை ஒப்பனை செய்துகொண்டு எதிர்கொள்கின்றாள். தம்பி விருந்துக்குக் கத்தி தீட்டுகின்றான். முலான் போருடை களைந்து, பழைய ஆடை உடுத்து, கூந்தல் திருத்தி வெளிவருங்கால் தோழர் திகைக்கின்றனர். 12 ஆண்டுகள் உடனிருந்தும் அவள் பெண் என்பதை அவர் அறிந்திலர். சேர்ந்து ஓடும் இரு முயல்களை உவமை காட்டி, ஆண் எது, பெண் எது எனப் பகுத்தறிதல் அரிது என்னும் கருத்தோடு பாட்டு நிறைவுறுகின்றது.

இப்புலவர் போரை விரைந்து கடந்து, சந்தையிலும் வீட்டு முற்றத்திலும் நின்று பேசுகின்றார் என்பதை அன்பர்கள் உய்த்துணர்க. அவர் உள்ளம் வீட்டிலேயே இருக்கின்றது. பெற்றோர்க்காகச் சென்றாள், பெற்றோரிடம் மீண்டாள். இதுவே முதனூலின் முடிபு.

இச்சிறு பாட்டினின்றும் வழிநூல்கள் பல கிளைத்தன. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சூ வெய் என்னும் புலவர் இக்கதையை நாடகமாக்கி, பாட்டில் இல்லாத 'ஹுவா' என்னும் குடிப்பெயரை முலானுக்குச் சூட்டினார். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த புனைகதை ஒன்றில், அரசனின் அந்தப்புரம் புக மனமின்றி அவள் உயிர் நீக்கின்றாள். 1939ஆம் ஆண்டில், சப்பானியரோடு சீனம் போராடிய நாளில், சாங்காய் நகரில் எடுத்த பேசும் படம் அவளை நாட்டுப்பற்றின் வடிவமாகக் காட்டிற்று. இவ்வாறு ஒவ்வொரு காலத்தாரும் தம் மனத்திற் குறையாயிருந்ததை முலானிடம் தேடினர். டிஸ்னி நிலையத்தார் தேடியது யாது?

முடிபில் அவர் முதனூலோடு ஒத்தே நிற்கின்றனர். காலூன்றி நடக்க இயலாது கோல்கொண்டு நடக்கும் தந்தைக்குப் படையின் அழைப்பு வருகின்றது. மகள் இரவோடு இரவாகக் கூந்தலை வாளால் அரிந்து, தந்தையின் கவசம் அணிந்து செல்கின்றாள். இறுதியில் மன்னனே தலைவணங்கியும், அவன் அளித்த பதவியை மறுத்து வீடு திரும்புகின்றாள். பகைவனின் வாளையும் மன்னனின் இலச்சினையையும் தந்தையின் மடியில் வைக்கின்றாள். தந்தையோ அவ்விரண்டையும் நிலத்தில் நழுவ விட்டு மகளைத் தழுவிக்கொள்கின்றார். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு முன் அப்பழம்புலவர் நின்ற முற்றத்திலேயே படமும் வந்து நிற்கின்றது. இது கண்டு யான் மகிழ்ந்தேன்.

இனி வேறுபாட்டிற்கு வருவோம். பாட்டில் முலானின் மறைவு வீடு திரும்பும்வரை வெளிப்படுவதேயில்லை. படத்திலோ போரின் நடுவிலேயே வெளிப்பட்டுவிடுகின்றது. பனிமலையில் 2,000 ஹூணர் குதிரையேறிப் பாய்ந்து வருங்கால், எஞ்சிய ஒற்றை வெடிகணையை முலான் பகைவர்மேல் ஏவாது மலைமுகட்டின்மேல் ஏவுகின்றாள். பனி சரிந்து படையை மூடுகின்றது. படைத்தலைவனாகிய ஷாங்கின் உயிரும் அவளாற் காக்கப்படுகின்றது. 'பிங்' என்னும் ஆண்பெயரால் அவளை அறிந்த அவன், இனி உன்னை நம்புவேன் என உறுதி கூறுகின்றான். அவ்வுறுதியின் சூடு ஆறுமுன், அவள் காயத்திற்கு மருந்திட்ட மருத்துவரால் உண்மை வெளிப்படுகின்றது. சட்டப்படி தண்டனை மரணம். உயிர் காத்த கடனுக்கு உயிரை விடுத்து, அவளைப் பனியில் தனியே விட்டுப் படை சென்றுவிடுகின்றது.

இதன் பின்னரே அவளது உண்மையான போர் தொடங்குகின்றது. பனியிற் புதைந்த ஹூணர் தலைவன் ஷான் யூ உயிரோடு எழுந்து தலைநகர் நோக்கிச் செல்வதை அவள் ஒருத்தியே காண்கின்றாள். விரைந்து சென்று ஷாங்கிடம் உரைக்கின்றாள். அவன் நம்பவில்லை. பிங்கை நம்பிய நீ முலானை நம்பாதது ஏன் என்னும் பொருள்பட அவள் கேட்கின்றாள். ஷாங் விடை கூறாது குதிரையைச் செலுத்துகின்றான்.

இவ்விடத்தில்தான் என் தங்கை என் கையைப் பற்றி அசைத்து, "அண்ணா, அவர் ஏன் பதில் சொல்லாமலே போகிறார்?" என்றாள். யான் வாய் திறந்திலேன்.

பழம்பாட்டின் முலான் ஆணெனக் கருதப்பட்டே வெற்றி கொண்டாள். அவள் செயலைப் போற்றியவர், செய்தவள் ஒரு பெண் என்பதைப் போற்றும் நாளில் அறிந்திலர். படத்தின் முலானோ தன் தலையாய செயலைத் தன் உருவிலேயே செய்கின்றாள். கேட்பார் இல்லாதபோதும் கண்டதைச் சொல்கின்றாள். பின்னர்ச் செய்தும் முடிக்கின்றாள். அரண்மனைக்குள் புகத் தோழராகிய ஆடவர் பெண்ணுடை பூணுகின்றனர்! வாளேந்திய ஷான் யூவின் எதிரில் அவள் கையில் இருப்பது ஒரு விசிறி. படத்தின் தொடக்கத்தில் மணப்பெண் தேர்வுக்குச் செல்கையில் அவள் கையிலிருந்ததும் விசிறியே. அன்று அவளுக்குப் பொருந்தாது நகைப்புக்கு இடமாயிருந்த பொருள், இன்று பகைவன் வாளைக் கைப்பற்றும் கருவியாகின்றது. பின்னவன் வேண்டிய வேறுபாடு இதனினும் சிறப்பாய் அமைதல் அரிது என்பேன்.

அவள் ஆற்றல் உழைப்பால் வந்ததாகக் காட்டப்படுவதும் போற்றத்தக்கது. உயர்ந்த கம்பத்தின் உச்சியிலுள்ள அம்பை இரு கனத்த எடைகளைக் கையிற் கட்டிக்கொண்டே எடுத்துவரல் வேண்டும் என்பது பயிற்சியின் முதற்சோதனை. எல்லாரும் தோற்கின்றனர். இரவெல்லாம் வழுக்கி வழுக்கி வீழ்ந்த முலான், சுமையாகிய அவ்விரு எடைகளையே ஒன்றோடொன்று பிணைத்துக் கம்பத்தைப் பற்றும் கயிறாக்கி ஏறிவிடுகின்றாள். 2020ஆம் ஆண்டில் அந்நிலையத்தாரே நடிகரைக் கொண்டு மீண்டும் எடுத்த படத்தில், முலான் பிறவியிலேயே பேராற்றல் உடையவளாகிவிட்டாள். வானத்தினின்று இறங்கியவளை வணங்கலாம். அவளைப் பார்த்து ஒரு சிறுமி கம்பம் ஏற முயலமாட்டாள்.

இனி மூன்றாவதாகிய மரபு. இங்கே படத்தை யான் முற்றும் புகழேன். முதலாவது, முதனூலில் அரசன் 'கான்' என்னும் வடபுலப் பெயராலும் சுட்டப்படுகின்றான். ஆகவே அப்பாட்டு வடபுலத்துக் குதிரைவீரர் வழிவந்தார் அரசாட்சியில் எழுந்தது என்பர். படமோ வடபுலத்தாரை முற்றும் பகைவராக்கி, 'கான்' என்னும் பெயரை முலானின் குதிரைக்கு இட்டுவிட்டது. இரண்டாவது, சீனர் பெருமதிப்போடு போற்றும் நாகம் இங்கே 'மூஷு' என்னும் சிறு கோமாளியாகத் திரிகின்றது. யானும் நகைத்தேன், எனினும் பிறர் போற்றும் ஒன்றை நகைப்பொருளாக்குங்கால் நாம் சற்றே நாணவும் வேண்டும்.

மூன்றாவது குறையே பெரிது. படத்தில் சீனப் பெண் மணத்துக்கே வளர்க்கப்படுகின்றாள்; வாய் திறந்தாற் கடியப்படுகின்றாள்; வீட்டார் அறியாமல் இரவில் ஓடியே போருக்குச் செல்கின்றாள். பழம்பாட்டிலோ அவள் பகலில் சந்தைக்குச் சென்று குதிரை வாங்கி, பெற்றோரிடம் விடைபெற்றே புறப்படுகின்றாள். தடுத்தார் என்ற பேச்சே அங்கில்லை. மகளின் உயரத்தைக் காட்டத் தாய்நாட்டைத் தாழ்த்திவிட்டனர் படத்தார். சீனத்தில் இப்படம் 1999ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அங்கே அதற்குப் பெரும் வரவேற்பு இருந்திலது. அதற்குக் காரணம் பல கூறுவர். தம் வீட்டு மகளை அயலார் ஒப்பனையிற் கண்ட கூச்சமும் அவற்றுள் ஒன்றாதல் கூடும்.

ஆயினும் மரபின் உயிர்நிலை ஒன்றைப் படத்தார் அறிந்து காத்துள்ளனர். சொல்லாமற் சொல்லுதலே அது. படைவீரர் நகையாடிப் பாடிக்கொண்டே மலையேறி வருகின்றனர். எரிந்து கிடக்கும் ஊர் ஒன்று எதிர்ப்பட, பாட்டு நடுவிலேயே அறுந்துவிடுகின்றது. பனிமீது ஒரு பாவை கிடக்கின்றது. குழந்தை யாது ஆயிற்று என்று யாரும் கூறிற்றிலர். ஆறடியிற் பத்தாண்டுப் போரை அடக்கிய பழம்புலவர் இக்காட்சியைக் கண்டிருப்பின் தலையசைத்திருப்பார்.

ஆகவே, முடிபில் ஒத்து, வேறுபாட்டிற் சிறந்து, மரபிற் சில இடங்களில் வழுவிய வழிநூல் இஃது என்பது என் துணிபு. குறையுளதாயினும் கற்கத்தக்கது.

இனி, என் தங்கைக்கு யான் கூறாத விடை. சென்ற ஆண்டு எம் வகுப்பிற் சிலர் கூடிப் பழம்பாடல் ஒன்றை ஆராய்ந்தோம். உடன் பயிலும் தோழி ஒருவர் ஓர் அடிக்குப் புதுப்பொருள் கூறினார். கேட்டும் கேளாதவர்போல் இருந்தோம். சில நாட்பின்னர் நண்பர் ஒருவர் அப்பொருளையே உரைக்க, நுண்ணிய உரை என்று முதலிற் புகழ்ந்தவன் யானே. அத்தோழி ஒன்றும் பேசாது குறிப்பேட்டை மூடினார். ஷாங் குதிரையைச் செலுத்தியபோது என் நினைவில் வந்தது அம்மூடிய குறிப்பேடே. தவற்றை உணர்ந்தவனுக்கு விடை கூற நாணமாயிருந்தது. ஆகவே அவனும் பேசவில்லை, யானும் பேசவில்லை.

விடுமுறை கழிந்து கல்லூரிக்கு மீண்டதும் அவரைக் கண்டு என் பிழையைக் கூறினேன். "அதை எப்போதோ மறந்துவிட்டேன்" என்றார். அவர் மறந்திலர் என்பது முகத்திற் புலப்பட்டது. பின்பு அவ்வடியின் பொருளை மீண்டும் விளக்கினார். இம்முறை யான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

நண்பர்காள்! வாளெடுக்கும் வேளை நம்மில் எவர்க்கும் வாய்க்கப்போவதில்லை. பிறர் கூறுவதைக் கூறுபவர் யார் என்று நோக்காது, கூறியது யாது என்று நோக்கிக் கேட்கும் வேளை நாள்தோறும் வகுப்பறையிலேயே வாய்க்கின்றது. அடுத்த விடுமுறையில் அச்சிறுமி மீண்டும் அப்படத்தைக் காட்டச் சொல்வாள் என்பது உறுதி. அவ்விடம் வருங்கால் அவள் என்னை வினவுவாளாயின், இம்முறை விடை கூறுவேன்.